மறதி நோய்: பிறப்பா, ரத்தக் குழாயா, வாழ்ந்த வாழ்க்கையா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 74. அவருக்கு வந்திருப்பது மறதி நோய்தான் என்று சென்ற ஆண்டு மருத்துவர் உறுதி செய்தார். எம்ஆர்ஐ படத்தில் மூளையின் உட்பகுதியில் பல இடங்களில் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்ட தழும்புகள் தெரிவதாகவும், அவற்றோடு, மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயும் கலந்திருக்கக்கூடும் என்றும் அவர் விளக்கினார்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தார். அவருடைய 49ஆம் வயதில், ஒரு கண் சிகிச்சை முகாமில் ரத்த அழுத்தம் பார்த்தபோதுதான் அது 170/100 என்று தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தலைசுற்றல் நின்ற மாதமே அவர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். தொடர்ந்து வாங்கித் தர வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, அறுபதை எட்டும் முன்பே தெருவில் யாரோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இதையெல்லாம் வரிசையாக எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

கலிபோர்னியாவில் வசிக்கும் என் தம்பி வேறொன்று சொல்கிறான். அங்கே நடந்த பெரிய ஆய்வொன்றில் கறுப்பினத்தவருக்கு மறதி நோய் மிக அதிகமாகவும், ஆசியர்களுக்கு, அதிலும் தெற்காசியர்களுக்கு, மிகக் குறைவாகவும் இருந்ததாம். ஆகவே இது பெரும்பாலும் பிறப்போடு வருவது, அப்பா விஷயத்தில் நாம் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை என்று ஆறுதல் கூறுகிறான். அவன் அன்பினால்தான் சொல்கிறான். ஆனால் எனக்கு வயது 46, அம்மாவுக்கு 69. பிறப்பா, வாழ்ந்த முறையா என்பதற்கான விடை எங்கள் இருவருக்குமே தேவைப்படுகிறது. விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

புள்ளியியல் ஆசிரியர்

உங்கள் தம்பி சொல்லும் ஆய்வு உண்மையானது. வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே என்னும் மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் முதிய உறுப்பினர்கள் 2,74,283 பேரின் பதிவேடுகளை 2000ஆம் ஆண்டிலிருந்து 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2016இல் வெளியிட்டார்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் எத்தனை பேருக்குப் புதிதாக மறதி நோய் வருகிறது என்ற கணக்கில், கறுப்பினத்தவரிடம் 26.6, அமெரிக்கப் பழங்குடியினரிடம் 22.2, லத்தீன் அமெரிக்க வழியினரிடம் 19.6, வெள்ளையரிடம் 19.3, ஆசிய வழியினரிடம் 15.2 என்று வந்தது. அடுத்த ஆண்டு ஆசியர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது தெற்காசியர்களிடம் 12 அளவில்தான் இருந்தது. எண்களில் தவறில்லை.

தவறு, அந்த எண்களிலிருந்து “பிறப்பு” என்ற முடிவுக்குத் தாவுவதில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இருந்த தெற்காசிய முதியவர்கள் யார் என்று முதலில் கேட்க வேண்டும். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு அங்கே சென்றவர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் பெரும் பங்கினர். உடல்நலம், படிப்பு, நிலையான வருமானம் ஆகிய மூன்று சல்லடைகளிலும் தேறியவர்களே கடல் கடந்தார்கள். விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டு நின்ற ஒருவர் அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தியாவிலேயே எடுத்த கணக்கைப் பாருங்கள். லாசி-டாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஆய்வின்படி 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம். பிறப்பே பாதுகாப்பு என்றால் இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன?

மூலிகைத்தோட்டம்

ஆசிரியரின் விளக்கத்தை மதிக்கிறேன்; ஆயினும் பரம்பரையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அபோ-ஈ4 என்ற மரபணு வகை அல்சைமர் நோய்க்கு வலுவான காரணிகளுள் ஒன்று என்பது பல ஆண்டுகளாக நிறுவப்பட்ட செய்தி. என் குடும்பத்தில் பாட்டி, பெரியம்மா, இப்போது என் அம்மா என்று மூன்று பேருக்கு இந்த நோய் வந்திருக்கிறது. மூவரில் யாருக்கும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. வாழ்க்கை முறையே காரணம் என்று பேசும்போது, எங்களைப் போன்றவர்கள் ஏதோ தவறாக வாழ்ந்துவிட்டோம் என்ற பொருள் வந்துவிடுகிறது. அது வலிக்கிறது.

புள்ளியியல் ஆசிரியர்

அந்த வலியை உண்டாக்கும்படி நான் எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் மரபணு பெரும் பங்கு வகித்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஒருவருக்கு ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி; இரண்டு மக்கள் கூட்டத்துக்கு இடையே ஏன் இத்தனை வேறுபாடு என்பது முற்றிலும் வேறு கேள்வி. நான் விடை சொல்ல முயன்றது இரண்டாவதற்கு.

அந்த இரண்டாவது கேள்விக்கு நைஜீரியாவின் இபாடன் நகரமும் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரமும் இணைந்து செய்த ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. ஹியூ ஹென்ட்ரி, அடிசோலா ஒகுன்னியி முதலியோர் இபாடனில் வாழும் யொரூபா மக்களையும் இண்டியானபோலிசில் வாழும் கறுப்பின அமெரிக்கர்களையும் ஒரே முறையில் பரிசோதித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட இந்த இரு கூட்டங்களையும் பிரித்தது அடிமை வணிகமும் அதற்குப் பிந்தைய வரலாறும். 2001இல் வெளிவந்த முடிவின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுதோறும் புதிதாக மறதி நோய் கண்டவர்கள் இபாடனில் 1.35 விழுக்காடு, இண்டியானபோலிசில் 3.24 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல். நீங்கள் சொன்ன அபோ-ஈ4 யொரூபா மக்களிடமும் பரவலாக உண்டு; ஆனால் அந்த ஆய்வாளர்களின் தொடக்கக் கால முடிவுகளில் அது அவர்களிடம் நோயோடு தொடர்புற்றுத் தெரியவில்லை. ரத்த அழுத்தமும் கொழுப்பும் இபாடனில் குறைவாக இருந்தன. மரபணு ஒரு விதை என்று கொண்டால், அது எந்த மண்ணில் விழுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வடமன்ஹாட்டன்

நான் நியூயார்க்கில் வட மன்ஹாட்டன் பகுதியில் முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் மையத்துக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து ஸ்பானிஷ் பேசுபவர்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பிறந்து இளமையில் வடக்கே வந்த கறுப்பின மூதாட்டிகள் பலரும் இருக்கிறார்கள். இதே வாஷிங்டன் ஹைட்ஸ், இன்வுட் பகுதிகளில்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நீண்டகால முதுமை ஆய்வு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஆகவே இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மூளைப் படங்கள் பற்றியது. ஆடம் பிரிக்மன் குழுவினர் இப்பகுதி முதியவர்களின் எம்ஆர்ஐ படங்களை ஒப்பிட்டு 2008இல் எழுதியபோது, மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் செல்லும் வெண்பொருளில் தெரியும் ரத்தநாளச் சேதத்தின் அடையாளங்கள் கறுப்பினத்தவரிடமும் கரீபிய ஸ்பானிஷ் மக்களிடமும் வெள்ளையரைவிட அதிகமாக இருந்தன. உங்கள் தந்தையின் படத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதும் இதே வகைச் சேதம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பள்ளி பற்றியது. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “படிப்பு” என்ற சொல்லை நாம் மிக மேலோட்டமாகப் பயன்படுத்துகிறோம். எங்கள் மையத்துக்கு வரும் மூதாட்டி ஒருவர் மிசிசிப்பியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காகிதத்தில் எட்டு ஆண்டுகள். ஆனால் அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் பள்ளி ஆண்டே குறுகியது. பருத்தி பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த கிழிந்த புத்தகங்கள்தாம் அவர்களுக்கு வந்தன. அவருடைய எட்டு ஆண்டும் வேறொருவரின் எட்டு ஆண்டும் ஒன்றல்ல. ஜெனிஃபர் மேன்லி என்னும் நரம்பியல் உளவியலாளர் 2002இல் இதைத் தெளிவாகக் காட்டினார். படித்த ஆண்டுகளை மட்டும் சமன் செய்து பார்த்தால் கறுப்பின முதியவர்கள் நினைவுத் தேர்வுகளில் வெள்ளையரைவிடப் பின்தங்கியவர்களாகவே தெரிந்தார்கள். ஆண்டுகளுக்குப் பதிலாக, ஒருவர் உண்மையில் எவ்வளவு வாசிக்க வல்லவர் என்பதை அளந்து சமன் செய்தபோது அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது.

இதிலிருந்து இரு கிளைகள் பிரிகின்றன. நல்ல கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது. சேதம் வந்தாலும் நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. அதே வேளையில் கல்வி கிடைக்காதவரை நாம் அளக்கும் அளவுகோலும் கோணலாக இருக்கக்கூடும். பேனா பிடித்துப் பழகாத ஒருவரிடம் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொல்லிவிட்டு, அவர் வரைய முடியாததை மறதி நோய் என்று எழுதிவைப்பது அநீதி.

பொதுமருத்துவர்

வடமன்ஹாட்டன் நண்பர் சொன்ன கடைசிச் செய்திக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 10/66 என்ற ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு முறையீடு: மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடந்திருந்தன. சென்னை நகரத்திலும் வேலூர் கிராமங்களிலும் அந்தக் குழு பணியாற்றியது. பள்ளிக்கே போகாதவரையும் படித்தவரையும் ஒரே நியாயத்தோடு பரிசோதிக்க வேண்டும் என்பதற்காகத் தேர்வுக் கேள்விகளோடு, உடன் வாழும் உறவினர் ஒருவரிடம் “முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா, பழகிய இடத்தில் வழி தடுமாறுகிறாரா” என்று கேட்பதையும் முறையாகச் சேர்த்தார்கள். என் சிறிய மருத்துவமனையில் நானும் அதையே செய்கிறேன். இன்று என்ன தேதி என்று கேட்டால் பதில் தெரியாத பாட்டிகள் பலர், அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது ரத்தக் குழாய்க்கு வருகிறேன். மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுசெல்பவை, அடிப்பகுதியில் இருக்கும் பெரிய தமனிகளிலிருந்து நேராகக் கிளம்பும் மயிரிழை போன்ற குழாய்கள். பெரிய குழாயிலிருந்து படிப்படியாகச் சிறுத்து வரும் கிளைகளாக இருந்தால் அழுத்தம் வழியிலேயே தணியும். இவை பெரிய குழாயிலிருந்து நேரடியாகக் கிளம்புவதால் முழு அழுத்தத்தையும் தாமே தாங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் மிகுந்திருந்தால் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, ஒரு நாள் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு மிகச் சிறியதென்றால் கை கால் விழுவதில்லை, வாய் கோணுவதில்லை. நோயாளிக்கே தெரியாமல் ஒரு துளி மூளை இறந்துவிடுகிறது. இப்படிப் பல துளிகள் சேரும்போது யோசனை மெதுவாகிறது, திட்டமிட முடியாமல் போகிறது, நடை தளர்கிறது, சிறுநீரை அடக்க முடிவதில்லை.

இதற்கும் அல்சைமருக்கும் உள்ள உறவைக் காட்டியவர்கள் அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள். நாட்ரடாம் சபையைச் சேர்ந்த 678 சகோதரிகள் டேவிட் ஸ்னோடன் நடத்திய ஆய்வில் பங்கேற்று, இறந்தபின் தங்கள் மூளையை ஆராயவும் ஒப்புதல் தந்தார்கள். 1997இல் வெளிவந்த கட்டுரையில், அல்சைமர் அடையாளங்கள் மூளையில் இருந்த சகோதரிகளில், ஆழ்பகுதியில் ஓரிரு சிறு அடைப்புகளும் சேர்ந்து இருந்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது மறதி நோய் வெளிப்பட்ட வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. ஏறக்குறைய ஒரே மாதிரி மடத்து வாழ்க்கை, புகை இல்லை, மது இல்லை அல்லது மிகக் குறைவு. அப்படியிருந்தும் சிறு குழாய்கள் இத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. ஆகவே உங்கள் தந்தைக்கு இரண்டும் கலந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதில் வியப்பில்லை. முதியவர்களிடம் கலப்பு வகையே மிகுதியாகக் காணப்படுவது.

வைகைக்கரை

ஐயா, பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒன்றைக் கேட்கிறேன். 49 வயதில் அப்பா மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காதா?

பொதுமருத்துவர்

அம்மா, ஒரு தனி மனிதரைப் பற்றி அப்படி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். பொதுவாக என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

நடு வயதில் வரும் அழுத்தம்தான் முதுமை மூளைக்குப் பெரிய பகை. ஆசிரியர் குறிப்பிட்ட அதே கைசர் அமைப்பில் 1964க்கும் 1973க்கும் இடையே, 40 முதல் 44 வயதில் பரிசோதனைக்கு வந்த 8,845 பேரைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, மிகு கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் மறதி நோய் வாய்ப்பை 20 முதல் 40 விழுக்காடு உயர்த்தியிருந்தது. நான்கும் இருந்தவர்களுக்கு வாய்ப்பு இரு மடங்குக்கு மேல்.

அழுத்தத்தைக் குறைத்தால் நோய் குறைகிறதா என்பதற்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. ஸ்பிரின்ட் மைண்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 9,361 பேரை இரு பிரிவாக்கி, 170/100 என்பதில் முதலில் வரும் எண்ணான மேல் அழுத்தத்தை ஒரு பிரிவுக்கு 120க்குக் கீழும் மற்றொன்றுக்கு 140க்குக் கீழும் வைத்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி, மறதி நோய்க்கு முந்தைய லேசான அறிதிறன் குறைவு முதற்பிரிவில் 19 விழுக்காடு குறைந்தது; ஆனால் மறதி நோயே குறைந்ததாகப் புள்ளியியல் உறுதியோடு சொல்ல முடியவில்லை. சிகிச்சை மூன்றரை ஆண்டுகூட நீடிக்கவில்லை என்பது அதற்கொரு காரணமாக இருக்கலாம். பின்னர் 2025இல் சீனக் கிராமங்களிலிருந்து விடை வந்தது. ஜியாங் ஹீ தலைமையில் 326 கிராமங்களில் 33,995 பேர். அங்கே மாத்திரை கொடுத்ததும் அழுத்தத்தைக் கண்காணித்ததும் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஊர் மருத்துவப் பணியாளர்கள். நான்கு ஆண்டுகளில் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் தந்தையின் அழுத்தத்தை இப்போது 120க்கு இறக்க முயலாதீர்கள். நோய் முற்றும்போது அழுத்தம் தானாகவே இறங்கத் தொடங்கும். தளர்ந்த உடலில் மேலும் இறக்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியக்கூடும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் அளந்து பார்த்து, உங்கள் மருத்துவர் சொல்லும் அளவில் வைத்திருங்கள். 120, 130 என்ற பேச்செல்லாம் 46 வயதான உங்களுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது.

மூலிகைத்தோட்டம்

இபாடன் செய்தி எனக்குப் புதிது. என் குடும்பத்து நிலையை வைத்து எல்லாரையும் எடைபோட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஐயம் மட்டும் எஞ்சுகிறது. 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கலாம் என்று செய்தித்தாளில் படித்தேன். அப்படியென்றால் ஒழுங்காக வாழ்ந்தால் எனக்கு வரும் வாய்ப்பு பாதியாகிவிடும் என்று கொள்ளலாமா?

புள்ளியியல் ஆசிரியர்

கொள்ளக் கூடாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜில் லிவிங்ஸ்டன் தலைமையில் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு, மாற்றக்கூடியவை என்று 2017இல் 9 காரணிகளையும், 2020இல் 12 காரணிகளையும், 2024இல் 14 காரணிகளையும் பட்டியலிட்டது. அந்தப் பதினான்கும் உலகத்தில் யாருக்குமே இல்லாமல் போனால், மொத்த நோயில் எத்தனை பங்கு குறையும் அல்லது தள்ளிப்போகும் என்ற கற்பனைக் கணக்குதான் 45. அது ஒரு சமூகத்துக்கான எண், தனி ஒருவருக்கானதல்ல. அந்தப் பட்டியலில் சில ஒருவர் கையில் இல்லவே இல்லை. சிறு வயதில் கிடைக்காத கல்விக்கு 5 விழுக்காடு, காற்று மாசுக்கு 3 விழுக்காடு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் பள்ளியை விட்ட சிறுவனையோ, ஊர்ப் புகையைச் சுவாசித்தவரையோ “நீ ஒழுங்காக வாழவில்லை” என்று யார் சொல்ல முடியும்? உங்கள் பழைய வருத்தத்துக்கும் இதுவே என் விடை.

இன்னொன்று. அந்தக் கணக்குக்கான தரவுகளில் பெரும்பகுதி செல்வ நாடுகளிலிருந்து வந்தவை. 2019இல் நாஹீத் முகாதம் குழுவினர் 9 காரணிகளை வைத்து வேறு நாடுகளுக்குக் கணக்கிட்டபோது, உலக அளவில் 35 விழுக்காடு என்றிருந்தது இந்தியாவுக்கு 41 ஆகவும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு 56 ஆகவும் உயர்ந்தது. எங்கே பள்ளியும் மருந்தும் குறைவோ அங்கே தடுப்பதற்கான இடம் அதிகம்.

தேக்காவாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், முதியோர் பராமரிப்பில் செவிலியாக இருக்கிறேன். இங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று இனத்தாரும் ஒரே அடுக்குமாடியில் வாழ்கிறார்கள். மனநலக் கழகம் நடத்திய ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களிடையே மறதி நோய் 2013இல் 10 விழுக்காடாக இருந்து 2023இல் 8.8 ஆகக் குறைந்திருக்கிறது. அடுத்தடுத்து முதுமைக்கு வரும் தலைமுறைகள் கூடுதலாகப் படித்தவர்கள் என்பது அதற்கு ஒரு முக்கிய விளக்கம். இனம் மாறவில்லை, பத்து ஆண்டுகளில் மரபணுவும் மாறியிருக்காது.

சமூகத் தொடர்பு பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். தனித்திருப்பதும் தனிமையை உணர்வதும் வெவ்வேறு. மகன் வீட்டில் ஆறு பேரோடு வாழும் தமிழ்ப் பாட்டி ஒருவரை நான் கவனித்து வருகிறேன். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள், பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் ஆறு பேர் இருந்தும் ஒரு நாளில் அவரோடு முழுதாகப் பேசப்படும் வாக்கியங்கள் “சாப்பிட்டீர்களா” என்பதைத் தாண்டுவதில்லை. வாரம் இருமுறை தமிழ் பேசும் மூத்தோர் கூடும் இடத்துக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய பிறகு அவர் தம் இளமைக் காலத்து ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். அவருடைய கதை நோயைத் தடுத்ததற்குச் சான்று என்று நான் சொல்ல மாட்டேன். சமூகத் தனிமைக்கும் லான்செட் பட்டியலில் 5 விழுக்காடு கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

வைகைக்கரை, காது விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதினீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காது கேட்கும் கருவி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு மூன்று ஆண்டு பார்த்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பயன் தெரியவில்லை. ஆனால் அவர்களில் ஏற்கெனவே நீண்டகால இதயநோய் ஆய்வொன்றிலிருந்து வந்தவர்கள், அதாவது ரத்தநாள ஆபத்துகளும் பிற குறைகளும் கூடுதலாக இருந்தவர்கள், கருவி அணிந்தபோது அறிதிறன் சரிவு 48 விழுக்காடு மெதுவானது. ஆபத்துகள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருப்பவருக்கு ஒன்றை எடுத்துவிட்டால்கூடப் பலன் தெரிகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வடமன்ஹாட்டன்

சீனக் கிராமத்தைப் பற்றி மருத்துவர் எழுதியதைப் படித்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் முடிதிருத்தும் கடைகள் நினைவுக்கு வந்தன. கறுப்பின ஆண்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை, மாத்திரை எடுப்பதில்லை என்று பல காலம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் அவர்கள் தவறாமல் போகும் இடம் எது என்று பார்த்தார். 52 முடிதிருத்தும் கடைகளில், ரத்த அழுத்தம் மிகுந்த 319 வாடிக்கையாளர்கள். ஒரு பிரிவுக்கு மருந்தாளுநர் கடைக்கே வந்து அளந்து, அங்கேயே மருந்து கொடுத்தார். மற்றப் பிரிவினரிடம் மருத்துவரைப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னார். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதற்பிரிவில் 27 புள்ளிகள் இறங்கியது. மற்றதில் 9 புள்ளிகளே. அது மறதி நோய்க்கான ஆய்வன்று. ஆனால் அந்த மனிதர்களின் மூளைக் குழாய்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை அந்த 27 புள்ளிகள் ஓரளவு தீர்மானிக்கும்.

கிராமச் செவிலியர்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பகுதியில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நான் கண்ட இடைவெளி ஒன்றைச் சொல்ல வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் பெண்களும். 40, 45 வயது ஆண்கள் தறிக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள். மூளைக்கு மிகவும் தேவையான வயதில் இருப்பவர்களே எங்கள் கைக்குத் தப்பிவிடுகிறார்கள். தறிக்கூட வாசலுக்கு வேலை முடியும் நேரத்தில் போய் நின்றால்தான் அவர்களைப் பிடிக்க முடிகிறது. வைகைக்கரை அவர்களின் தந்தையையும் 49 வயதில் யாரோ கண்டுபிடித்தார்கள்; அடுத்த மாதம் போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை. குற்றம் அவர் மேலோ உங்கள் மேலோ இல்லை என்று உங்கள் தம்பி சொன்னது சரி. அவர் சொன்ன காரணம் மட்டும்தான் வேறு.

வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் உயரத்துக்கு ஏதாவது ஒன்றின் மேல் வைத்து, பேசாமல், இரண்டு முறை அளந்து பாருங்கள். டீ குடித்தவுடன் வேண்டாம்.

வைகைக்கரை

நீங்கள் சொன்ன முறையிலேயே நேற்றும் இன்றும் காலையில் அளந்தேன். நேற்று 148/94, 146/92. இன்று 150/94. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இருபது நாளாகத் தலைவலிகூட இல்லை. மாத்திரையை நிறுத்தியபோது அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போகிறேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செவித்திறன் பரிசோதனைக்கும் பதிவு செய்தாயிற்று. இந்த நிலையில் அப்பா கருவியை அணிய ஒத்துக்கொள்வாரா, கழற்றி எறிந்துவிடுவாரா என்பது தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கருவி பொருத்திப் பழக்கிய அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் இருந்தால், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று தொடங்குவது நல்லது என்பதை எழுதுங்கள். தம்பிக்கு இந்த இழையை அனுப்பினேன். படித்துவிட்டு அவனும் ஒரு அழுத்தமானி வாங்கியிருக்கிறான். அவனுக்கு வயது 43.